பிரிப்பது சுலபம், அப்புறம்?

போன இதழில் பழைய எம்.ஜி. கார் பற்றி ஒரு பதிலில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் தமிழர்களில் பாதிப் பேர் வீட்டுப் பின்கட்டில் இன்ஜின் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேர் அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆகவே இந்த முறை அரசியலுக்கும் சினிமாவுக்கும் விடுமுறை.

கே: பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினை வீட்டிலேயே பிரித்து மாட்ட முடியுமா? (காரைக்குடி)

ப: பிரிக்கக் கண்டிப்பாக முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஜி.டி. நாயுடு இளவயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றித் திரும்ப மாட்டிப் பார்த்துத் தொழில் கற்றார் என்று கோவைப் பக்கம் சொல்வார்கள். அந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் பின்பற்றுகிறவர்கள் அதிகம். இடம், வெளிச்சம், ஈரம் படாத அலமாரி, மைக்ரோமீட்டர், பொறுமை என்று ஐந்து வேண்டும். இதில் கடையில் கிடைக்காதது எது என்று உங்களுக்கே தெரியும்.

கே: 1967 மாடல் எம்.ஜி.பி. வாங்கியிருக்கிறேன். நீலப் புகை விடுகிறது. முதலில் எதைக் கழற்றுவது? (ஹாரோ, லண்டன்)

ப: எதையும் கழற்றாதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதே நான்கு பிளக்குகளையும் எடுத்துவிட்டு கம்ப்ரஷன் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். எல்லா அளவும் நன்றாகவே இருந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை வந்தால், வால்வு கைடு வழியாக ஆயில் இறங்குகிறது. அதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். பத்து நிமிடச் சோதனை, நான்கு மாத வேலையை மிச்சம் பிடிக்கும். ஆனால் நீங்கள் அந்த நான்கு மாத வேலைக்கு ஆசைப்பட்டுத்தானே கேட்கிறீர்கள்?

கே: புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் எது? (மேற்கு மாம்பலம்)

ப: எம்.ஜி. கார்களைத் தயாரித்த பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ். வார்ப்பிரும்பு பிளாக், நான்கு சிலிண்டர், பிளாக்குக்குள்ளேயே ஒரு கேம் ஷாஃப்ட், புஷ் ராடு. அவ்வளவுதான். 1955-இல் வந்த எம்.ஜி.ஏ.-வில் 1489 சி.சி., 1962-இல் வந்த எம்.ஜி.பி.-யில் 1798 சி.சி. இரண்டிலும் ஸ்ட்ரோக் ஒன்றே, 88.9 மில்லி மீட்டர். துளையைத்தான் பெரிதாக்கினார்கள். எம்.ஜி.பி. 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானதால், இதன் உதிரி பாகங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

இந்த இன்ஜினை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள் என்பதுதான் வேடிக்கை. 1959 முதல் அம்பாசடருக்கு இதே 1489 சி.சி.தான். எம்.ஜி.ஏ.-வின் முன்மாதிரிக் கார்கள் 1955-இல் பிரான்ஸின் ல மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போய், 12-ஆவதாகவும் 17-ஆவதாகவும் வந்து சேர்ந்தன. அதே குடும்பத்துப் பிள்ளை இங்கே எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் மீட்டர் போடாமல் நின்றது.

கே: அப்படியானால் அம்பாசடர் இன்ஜினைத் தூக்கி எம்.ஜி.ஏ.-வில் வைத்துவிடலாமே? (அதே மேற்கு மாம்பலம், அதே கடிதம், பின்குறிப்பு)

ப: வைத்துவிடலாம். 72 குதிரை இழுக்க வேண்டிய இடத்தில் 55 குதிரை இழுக்கும். ஹெட், கேம் ஷாஃப்ட், ஒன்றுக்கு இரண்டாக கார்புரேட்டர், எல்லாம் சேர்ந்துதான் அந்த வித்தியாசம். அதனால் இந்தியாவில் யாராவது எம்.ஜி.ஏ. விற்க வந்தால் பெயின்ட்டைப் பார்க்கும் முன் இன்ஜின் எண்ணைப் பாருங்கள்.

கே: வேப்ப மரக் கிளையில் செயின் பிளாக் கட்டி இன்ஜினைத் தூக்கலாமா? (மணப்பாறை)

ப: முருங்கை என்று கேட்காதவரை சந்தோஷம். பி-சீரிஸ் இன்ஜின் மட்டுமே 150 கிலோவுக்கு மேல். எம்.ஜி.பி.-யில் கியர் பாக்ஸோடு சேர்த்துத்தான் வெளியே எடுப்பது வழக்கம், அதுவும் மூக்கை மேலே தூக்கிச் செங்குத்தாகச் சாய்த்து. கிளை ஆடும், பாரமும் ஆடும். பட்டறையில் இரும்பு ஸ்டாண்டு வாடகைக்குக் கொடுப்பார்கள். மரத்தடியில் நிழல் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: கழற்றிய சாமான்களை ஒரே பக்கெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டு வைத்திருக்கிறேன். சரிதானே? (திண்டுக்கல்)

ப: எட்டு டாப்பெட்டும் அதற்குள்ளேயா? போச்சு. ஒவ்வொரு டாப்பெட்டின் அடிப்பாகமும் கேம் ஷாஃப்டில் தன் எதிரே இருக்கும் மேட்டோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அரைத்துத் தின்றுவிடும். ஓர் அட்டைப் பெட்டியில் எட்டுத் துளை போட்டு, எண் எழுதி, புஷ் ராடையும் டாப்பெட்டையும் வரிசையாகக் குத்தி வைக்க வேண்டும். மெயின் பேரிங் கேப் இன்னும் முக்கியம். கேப்பை பிளாக்கில் பூட்டிய பிறகே அந்த வட்டத்தை ஒரே ஓட்டத்தில் கடைந்திருப்பார்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றையோ, அதையே திருப்பிப் போட்டோ பூட்டினால் வட்டம் வட்டமாக இருக்காது. கனெக்டிங் ராடுக்கும் இதே சட்டம். எண் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கழற்றும் முன் நீங்களே குத்துங்கள். பக்கெட்டில் போட்டாகிவிட்ட நிலையில் புது கேமும் புது டாப்பெட்டும் வாங்குவதுதான் வழி.

கே: எதை வீட்டில் செய்வது, எதை லேத் பட்டறைக்கு அனுப்புவது? (ஈப்போ, மலேசியா)

ப: இந்தக் கடிதக் கட்டிலேயே உருப்படியான கேள்வி இது. கழற்றுவது, கழுவுவது, அளப்பது, பூட்டுவது உங்கள் வேலை. உலோகத்தைச் சீவும் வேலை எதுவும் உங்களுடையது அல்ல. சிலிண்டர் ரீபோர், கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட் வெட்டுவது, ஹெட்டை மட்டம் தட்டுவது எல்லாம் வெளியே.

சிலிண்டர் தேய்வது மேலிருந்து கீழ் வரை சமமாக இருக்காது. மேல் ரிங் திரும்பும் இடத்தில் அதிகம், கீழே குறைவு. போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 20 தௌ, 40 தௌ என்று கிடைக்கும். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று டர்னர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்றபடி துளையைக் கடைய வேண்டுமே தவிர, துளையைக் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது. கிராங்கையும் அப்படியே, எந்த அண்டர்சைஸ் பேரிங் கையில் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு கிரைண்ட் செய்யச் சொல்லுங்கள்.

பட்டறையிலிருந்து பளபளவென்று பிளாக் திரும்பி வரும். அந்தப் பளபளப்பில் மயங்கி நேராகப் பூட்ட உட்கார்ந்தவர்களைத்தான் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஹோனிங் கல்லின் பொடி சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அசையாது. வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டு உள்ளே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. ஆயில் போகும் துளைகளின் அடைப்புத் திருகுகளைக் கழற்றி, நீள பிரஷ் விட்டு அவற்றையும் கழுவ வேண்டும். அதற்குள் ஒளிந்திருக்கும் பொடி, முதல் நிமிடத்திலேயே நேராகப் புது பேரிங்குக்குத்தான் போகும். கழுவியதும் சிலிண்டர் சுவரில் உடனே ஆயில் தடவுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலைக்குள் துரு பிடிக்கும்.

கே: பிஸ்டனை இட்லிப் பாத்திரத்தில் வைத்து வேகவைக்கலாமா? என் தம்பி கேட்கிறான். நான் தர மாட்டேன் என்றுவிட்டேன். (திருச்சி வாசகி)

ப: தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அலுமினியப் பிஸ்டனை வெந்நீரில் சூடாக்கினால் துளை விரிந்து, பிஸ்டன் பின் கையாலேயே உள்ளே போகும். நீங்கள் சொல்வதில் அதைவிட நியாயம் இருக்கிறது. புதிதாக ஒரு பாத்திரம் வாங்கச் சொல்லுங்கள். இட்லியை அவனே அவிப்பதாக இருந்தால் மறுபரிசீலனை செய்யலாம்.

கே: பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை வீட்டில் எப்படி அளப்பது? (கோவை)

ப: பிளாஸ்டிகேஜ் என்று மெல்லிய மெழுகு இழை விற்கிறார்கள். கிராங்கின் ஜர்னலைத் துடைத்து, அதன் மேல் இழையை நீளவாக்கில் ஒரு துண்டு வைத்து, கேப்பைப் போட்டுச் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். கிராங்கைச் சுற்றவே கூடாது. திரும்பக் கழற்றினால் இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையிலேயே அச்சிட்ட அளவுகோலோடு அதன் அகலத்தை ஒப்பிட வேண்டும். அகலம் கூடினால் இடைவெளி குறைவு. பி-சீரிஸ் இன்ஜினுக்கு ஒன்றிலிருந்து 2.7 தௌவுக்குள் இருக்க வேண்டும், அதாவது தலைமுடி ஒன்றின் பருமன் அளவு. பட்டை ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் ஒடுங்கியும் இருந்தால் ஜர்னல் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது. பட்டறைக்காரரிடம் அந்தக் கேப்பை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள், வாதம் செய்ய மாட்டார்.

கே: நாற்பது வருஷமாகக் கைப்பதத்தில்தான் முறுக்குகிறேன். டார்க் ரெஞ்ச் எதற்கு? (ஈரோடு)

ப: உங்கள் கைக்கு வணக்கம். லாரிக்கும் டிராக்டருக்கும் அது போதும் என்று வைத்துக்கொள்வோம். எம்.ஜி.பி.-யின் ஹெட் நட்டுக்கு 50 பவுண்டு-அடி, மெயின் பேரிங்குக்கு 70. நியூட்டன் மீட்டரில் முறையே 68, 95. இதைக் கைப்பதம் சொல்லிவிடும், ஆனால் பதினொரு நட்டுக்கும் ஒரே மாதிரி சொல்லாது. நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், இரண்டு மூன்று தவணையாக முறுக்குங்கள். நூல் சுத்தமாக இருந்து ஒரு சொட்டு ஆயிலும் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. துருப்பிடித்த ஸ்டட்டில் ரெஞ்ச் காட்டுவது ஹெட்டின் இறுக்கத்தை அல்ல, துருவின் முரண்டை.

கே: டாப்பெட் வைக்க எளிய வழி ஏதாவது? (நாகர்கோவில்)

ப: ஒன்பது. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வையுங்கள். ஆறு திறந்திருந்தால் மூன்று. இரண்டு எண்களையும் கூட்டினால் ஒன்பது வரவேண்டும். எம்.ஜி.பி.-க்கு 15 தௌ இடைவெளி.

கே: 1947 எம்.ஜி. டி.சி. ஒன்று என் மாமாவிடம் இருக்கிறது. எந்த ஸ்பானரும் சரியாகப் பொருந்தவில்லை, எந்த நட்டும் மாற்றுக்குக் கிடைக்கவில்லை. என்ன சாபம் இது? (பெங்களூரு)

ப: பிரெஞ்சு சாபம். முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனம் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் தொழிற்சாலை போட்டது. 1923-இல் அதைக் கார் தயாரிப்பாளர் மோரிஸ் வாங்கினார். உள்ளே இருந்த இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக் நூல் வெட்டுபவை. அவற்றைத் தூக்கிப் போட மனமில்லை. இங்கிலாந்து மெக்கானிக்குகளிடம் இருந்த ஸ்பானர்களோ விட்வொர்த் அளவு. ஆகவே நூல் பிரெஞ்சு, தலை இங்கிலீஷ் என்று சமரசம் ஆயிற்று. உங்கள் மாமாவின் 1250 சி.சி. இன்ஜினில் இருப்பது அந்தச் சமரசம்தான். ஸ்பானர் விட்வொர்த் வாங்குங்கள். பழைய நட்டு ஒன்றைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். நூல் எட்டு மில்லி மீட்டர்தானே என்று இன்றைய நட்டைப் போட்டால், இரண்டு சுற்றுப் போய்ச் சிக்கிக்கொள்ளும். புரி இடைவெளி வேறு.

கே: இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரை ட்யூன் செய்ய ஆயிரம் பவுண்டு கருவி தேவையா? (சரே, இங்கிலாந்து)

ப: ஒரு முழம் ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வையுங்கள், மறு முனையை முதல் கார்புரேட்டரின் வாயருகே பிடியுங்கள். உஸ் என்று ஒலி வரும். அடுத்ததற்கு மாற்றுங்கள். இரண்டு உஸ்ஸும் ஒன்றாகும்வரை திருகுங்கள். மேலே உள்ள டாஷ்பாட்டில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். இந்த கார்புரேட்டரைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்புக் கடைக் குடும்பம். ஆரம்பத்தில் உள்ளே தோல் துருத்திதான் வைத்தார்கள். வீட்டில் தோலுக்கா பஞ்சம்?

கே: பிரிட்டிஷ் இன்ஜின் என்றாலே ஆயில் ஒழுகுமாமே? (மதுரை)

ப: மூன்று மெயின் பேரிங் வைத்த ஆரம்பகால பி-சீரிஸில் கிராங்கின் பின்முனைக்கு ஆயில் சீலே கிடையாது. திருகுபோல ஒரு பள்ளம் வெட்டி, சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும்படி செய்திருந்தார்கள். சுழலாமல் நிற்கும்போது ஆயிலுக்கு யார் சொல்வது? 1964 கடைசியில் ஐந்து பேரிங் இன்ஜின் வந்தது, அதோடு சீலும் வந்தது. மூன்று பேரிங் வண்டி ஒழுகாவிட்டால் கவலைப்படுங்கள், ஆயில் தீர்ந்திருக்கலாம்.

கே: இன்றைய பெட்ரோல் பழைய இன்ஜினுக்கு ஒத்துக்கொள்ளுமா? (சேலம்)

ப: இரண்டு விஷயம். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் 2000-இல் நின்றது. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வும் சீட்டும் ஒட்டித் தேயாமல் காத்தது. ஹெட் பட்டறைக்குப் போகும்போதே கடினமான எக்ஸாஸ்ட் சீட் அடித்து வாங்கிவிடுங்கள். அடுத்தது எத்தனால். இங்கே இப்போது 20 சதவீதம். பழைய ரப்பர் ஹோஸ், கார்க் வாஷர், பம்ப்பின் டயாஃப்ரம் எல்லாம் அதில் ஊறி வெந்துவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள். சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே கசியும் ஹோஸ், இன்ஜினோடு வீட்டையும் சேர்த்துக் கேட்கும்.

கே: ஜாகுவார் இன்ஜினை முதல் முயற்சியாக எடுத்துக்கொள்ளலாமா? (கொழும்பு)

ப: போர்க்காலத்தில் கவன்ட்ரி தொழிற்சாலையில் இரவு தீக்காவல் இருந்தபோது பொழுது போகாமல் பேசிப் பேசி வடிவமைத்த இன்ஜின் அது. நீங்களும் பல இரவுகள் தூக்கமில்லாமல்தான் முடிப்பீர்கள். ஆறு சிலிண்டர், மேலே இரண்டு கேம். வால்வு இடைவெளியைத் திருகு வைத்துத் திருத்த முடியாது. கேமைக் கழற்றி, அடியில் வேறு பருமனில் ஷிம் வைத்து, கேமைப் பூட்டி, அளந்து, சரியில்லை என்றால் மறுபடி கழற்ற வேண்டும். பன்னிரண்டு வால்வு. எம்.ஜி. முடித்துவிட்டு வாருங்கள்.

கே: எங்கட அப்பாவின் மொறிஸ் மைனர் நிக்குது. அதைப் பழகிப் பார்க்கலாமோ? (யாழ்ப்பாணம்)

ப: தாராளமாக. உங்களுடையது 948 சி.சி. என்றால் 1958-இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே ஏ-சீரிஸ்தான், கார்புரேட்டர் இரண்டு. அப்பாவின் வண்டி ஓடும் நிலையில் இருந்தால் அதைத் தொடாமல், பழைய இன்ஜின் ஒன்றை வாங்கிப் பழகுங்கள். அப்பாக்கள் நினைவாற்றல் மிக்கவர்கள்.

கே: எல்லாம் பூட்டியாயிற்று. முதல் ஸ்டார்ட்டுக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டுமா? (கும்பகோணம்)

ப: நேரத்தை விட நிமிடக் கணக்கு முக்கியம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் கேஜ் முள் எழும்பும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். முள் எழாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீர், டைமிங், பெட்ரோல், விசிறி எல்லாம் சரிபார்த்த பிறகு பிளக் போடுங்கள். பிடித்துக்கொண்டதும் ஐடிலில் விடாதீர்கள்! உடனே நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றி, கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் இருபது நிமிடம் வையுங்கள்.

புது இன்ஜினை அலற விடுவதா என்று பெரியவர்கள் பதறுவார்கள். காரணம் இதுதான். கேம் ஷாஃப்டின் மேடுகளுக்குத் தனியாக ஆயில் வழி கிடையாது. கீழே கிராங்க் சுற்றும்போது தெறிப்பதுதான் அதற்குச் சோறு. மெதுவாகச் சுற்றினால் தெறிக்காது. புது கேமும் புது டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகும் அந்த இருபது நிமிடத்தில் பட்டினி போட்டால், மேட்டின் முகம் உரிந்துபோகும். கேமுக்கென்று விற்கும் கறுப்பு பேஸ்ட்டைப் பூட்டும்போதே தடவியிருக்க வேண்டும். ஆயிலும் துத்தநாகச் சேர்மானம் அதிகமுள்ள 20டபிள்யூ-50 ஆக இருக்கட்டும். புதுக் கார்களுக்கான ஆயிலில், எக்ஸாஸ்ட்டில் உள்ள காட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெடாமல் இருக்க அந்தச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறியதும் ஹெட் நட்டுகளையும் டாப்பெட்டையும் திரும்பப் பாருங்கள். ஐந்நூறு கிலோ மீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள், எவ்வளவு தங்க நிறமாக இருந்தாலும் சரி.

கே: இதை ரோட்டில் ஓட்ட ஆர்.டி.ஓ. விடுவாரா? (புதுச்சேரி)

ப: 2021 ஜூலை விதிப்படி, ஐம்பது வயதைத் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி வரிசை எண் உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது. அந்த வண்டியை நம்பி ஆபீஸ் போக நினைப்பவர் என்று அரசாங்கமே உங்களை நினைத்ததில் பெருமைப்படுங்கள்.

கே: மாட்டி முடித்து வண்டியும் ஓடுகிறது. மேஜையில் ஒரு போல்ட்டு மிச்சம் இருக்கிறது. பயப்பட வேண்டுமா? (விருதுநகர்)

ப: குட்டையாக, வாஷரோடு இருந்தால் சம்ப்பினுடையதாக இருக்கும். தரையில் சொட்டும் ஆயிலே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நீளமாக, வழுவழுப்பாகக் கடைந்த உடம்போடு இருந்தால் கனெக்டிங் ராடினுடையது. உடனே சாவியை எடுத்துவிட்டு, ‘ஓடுகிறது’ என்பதை ‘ஓடியது’ என்று திருத்தி எனக்கு மறுபடி எழுதுங்கள்.